ஊருக்காக வாதாடுவது யார்?

பதின்மூன்று சிற்றூர்கள். அந்தச் சிற்றூர்களிலே குடிப்பதற்கும் வயலுக்குப் பாய்ச்சுவதற்கும் வெட்டிவைத்த கிணறுகள் 467. அவற்றிலே 350 கிணறுகள் பாழ்!

வானம் பொய்த்ததாலா? இல்லை. ஊற்றுக்கண் தூர்ந்ததாலா? அதுவும் இல்லை. கிணற்றிலே நீர் இருந்தது. ஆனால் வாயிலே வைக்க இயலாத நீர். தோல் பதனிடும் கூடங்களிலிருந்து வழிந்தோடிய கழிவு, மண்ணுக்குள் இறங்கி, மண்ணின் மடியிலே இருந்த நீரையே நஞ்சாக்கிவிட்டது.

எங்கோ தொலைதூரத்துச் செய்தி என்று எண்ணிவிட வேண்டாம், தோழர்களே! திண்டுக்கல் மலைக்கோட்டையின்மீது ஏறி நின்றால் கண்ணுக்கெட்டும் சமவெளியிலே, திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஆகிய இரு ஒன்றியங்களைச் சேர்ந்த ஊர்களிலே நேர்ந்த கொடுமை இது. நான் மேடைக்காகச் சேர்த்த கணக்குமல்ல. 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பிலே, ஒரு தொண்டு அமைப்பு எடுத்த கணக்காக, எழுத்திலே ஏறியிருக்கும் எண்ணிக்கை இது. குடிநீருக்காகப் பெண்களும் பிள்ளைகளும் கல் கணக்கிலே நடக்கிறார்கள் என்றும் அந்தத் தீர்ப்பு கூறுகிறது. தோல் பதனிடும் வட்டாரங்களிலே ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம், பாதியாகவோ முழுதாகவோ, பயிருக்கு உதவாமற் போனது என்ற செய்தியும் அதிலே உண்டு. வட ஆர்க்காடு, ஈரோடு, திருச்சி, செங்கற்பட்டு மாவட்டங்களோடு, அன்று ‘திண்டுக்கல் அண்ணா மாவட்டம்’ என்றழைக்கப்பட்ட நம் மாவட்டத்துத் தோல் கூடங்களுக்கும் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. மாசு செய்தவனே அதன் விலையைக் கொடுக்க வேண்டும் என்ற நெறி, இந்த நாட்டின் சட்டத்திலே ஓர் அங்கமென்று அந்தத் தீர்ப்பு உறுதி செய்தது.

நல்ல தீர்ப்பு; நாடு போற்றிய தீர்ப்பு. ஆனால் அந்தத் தீர்ப்பின் தலைப்பைப் படித்துப் பார்த்தீர்களா? வழக்குத் தொடுத்தவர் யார்?

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம்! வாதாடியவர், டில்லியிலே புகழ் பெற்ற வழக்கறிஞர் எம்.சி.மேத்தா. திண்டுக்கல்லின் கிணறுகளுக்கு நீதி கேட்க வேலூரிலிருந்து ஒரு மன்றம் கிளம்ப வேண்டியிருந்தது. டில்லியிலிருந்து ஒரு வழக்கறிஞர் எழ வேண்டியிருந்தது. கிணற்றை வைத்திருந்த ஊராட்சியின் பெயர், வழக்குத் தொடுத்தவர் என்ற இடத்திலே இல்லை!

ஏன் இல்லை? வழக்கு 1991ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தமிழகத்திலே உள்ளாட்சித் தேர்தல் 1986இலே நடந்தது. அதன்பின் நடந்தது 1996 அக்டோபரிலே. வழக்கு பிறந்து, வளர்ந்து, தீர்ப்பாகக் கனிந்த அந்த ஐந்தாண்டுக் காலத்திலே, ஊராட்சிகளிலே மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரே இல்லை. தலைவரே இல்லாத வீட்டுக்கு வழக்கறிஞரை அமர்த்துவது யார்? வக்காலத்திலே கையெழுத்திடுவது யார்?

மலையடிவாரத்துக் கதை இது. மலைமேலே ஏறிப் பார்ப்போமா?

கொடைக்கானல். ஓர் உணவு விடுதி, அனுமதிக்கப்பட்ட அளவை மீறி மாடிமேல் மாடியாக எழுந்தது. அதற்கு விலக்களித்து அரசாணையும் பிறந்தது. உயர்நீதிமன்றம் 1995ஆம் ஆண்டிலே அந்த ஆணையைச் செல்லாததாக்கியது; உச்சநீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை நிலைநிறுத்தியது. வழக்காடி வென்றது யார்? பழனிமலைப் பாதுகாப்பு மன்றம் என்ற பொதுமக்கள் அமைப்பு! கட்டடத்துக்கு அளவுகோல் பிடிக்க வேண்டிய கடமை உள்ளாட்சியுடையது. ஆனால் அதற்காக நீதிமன்றத்தின் படியேறியது குடிமக்கள்.

குடிமக்கள் வழக்காடுவது தவறென்று கூறவில்லை. அவர்களைக் கைகூப்பி வணங்குகிறேன். நான் கேட்பது வேறு. மக்கள் வாக்களித்து, மக்கள் வரி கொடுத்து, மக்களுக்காகவே அமைந்த ஓர் ஆட்சி ஊரிலே இருக்கும்போது, ஊரின் நீருக்கும் நிலத்துக்கும் வாதாட வேறொருவரை ஏன் தேட வேண்டும்? ஊராட்சிக்கு வாயில்லையா?

வாய் இருக்கிறது. அந்த வாயாகப் பேச வேண்டிய வழக்கறிஞருக்குத்தான், ஏடு இல்லை. எடுபிடி ஆள் இல்லை. வேளைக்குக் கூலி இல்லை. கலந்து பேச ஒரு துணை இல்லை. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் இதுதான். மேடையிலே முழங்குவதற்கு ஏற்ற பொருளாக இது தோன்றாது. கைதட்டலும் கிடைக்காது. ஆனால் ஊரின் சொத்து பறிபோவது பெரும்பாலும் கைதட்டல் கிடைக்காத இடங்களிலேதான்.

நாடகம் எழுதிப் பழகிய கை. ஆகவே ஒரு காட்சியாகவே காட்டுகிறேன். ஊரும் பேரும் கற்பனை. நிலைமையை, நீதிமன்ற வாயிலிலே நிற்கும் எந்த வழக்கறிஞரிடம் வேண்டுமானாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

உரிமையியல் நீதிமன்றம். ஊருணிக் கரை தன்னுடையது என்கிறார் ஊரின் செல்வர் ஒருவர். ஊராட்சிமீது வழக்கு. அழைப்பாணை வந்தது, ஊராட்சிச் செயலர் கையெழுத்திட்டு வாங்கினார், மேசை இழுப்பறையிலே வைத்தார். அடுத்த வாரம் அவர் வேறு ஊராட்சிக்கு மாற்றப்பட்டார். இழுப்பறையிலே இருந்தது அழைப்பாணை, உறங்கியது ஊர்.

நீதிபதி: ஊராட்சியின் தரப்பிலே யார்?

வழக்கறிஞர்: நான்தான், கனம் நீதிபதி அவர்களே. நேற்று மாலைதான் கட்டு என் கைக்கு வந்தது.

நீதிபதி: எதிர்வழக்குரை எங்கே?

வழக்கறிஞர்: ஆவணங்கள் வரவேண்டும். ஒரு வாய்தா...

நீதிபதி: எத்தனை வாய்தா! ஊருணி ஊராட்சிக்கு உரியது என்பதற்குப் புலப்படம் உண்டா? பதிவேடு உண்டா? தீர்மானப் புத்தகம் உண்டா?

வழக்கறிஞர்: ஒன்றிய அலுவலகத்திலே இருக்கலாம் என்கிறார்கள். வட்டாட்சியர் அலுவலகத்திலே இருக்கலாம் என்றும் சொல்கிறார்கள்.

நீதிபதி: இருக்கலாம் என்பதை வைத்துக்கொண்டு நான் தீர்ப்பெழுதலாமா?

திரை விழுகிறது, ஒருதலைத் தீர்ப்பு எழுகிறது. ஊருணி போயிற்று!

யாரைக் குறை கூறுவது? நீதிபதியையா? அவர் முன் வைக்கப்பட்ட தாளைத்தானே அவர் பார்க்க முடியும்! வழக்கறிஞரையா? எதிர்த்தரப்பிலே மூத்தவர் ஒருவர், இளையவர் இருவர், எழுத்தர் ஒருவர், இவரோ ஒற்றையாள். அவருக்கு ஆவணம் தேடித் தர ஆளில்லை. முன்தீர்ப்பு தேட நூலகமில்லை. கொடுக்க வேண்டிய கட்டணத்துக்கும் தீர்மானம், ஒப்புதல், தணிக்கை என்று ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்க வேண்டும். வாளில்லாதவனைப் போர்க்களத்துக்கு அனுப்பிவிட்டு, தோற்றுவிட்டானே என்று ஏசுவது எந்த ஊர் நியாயம்?

மதுரை அரசவையிலே கண்ணகி வழக்காடிய வரலாறு தமிழர் அனைவரும் அறிந்தது. அவளுக்கு வழக்கறிஞர் இல்லை. ஆனால் கையிலே சான்று இருந்தது. சிலம்பை உடைத்தாள், மன்னன் தீர்ப்பு நொறுங்கியது. நம் ஊராட்சிக்கு வழக்கறிஞரின் துணையும் குறைவு. சிலம்பும் கையிலே இல்லை! ஊராட்சியின் சிலம்பு எது? புலப்படம், அ-பதிவேடு, சொத்துப் பதிவேடு, தீர்மானப் புத்தகம். பூட்டுக்குப் பேர்போன ஊர் திண்டுக்கல். 2019ஆம் ஆண்டிலே அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊராட்சி அலுவலகத்து அலமாரிக்கும் பூட்டு இருக்கும். ஆனால் அலமாரிக்குள்ளே ஆவணம் இருக்கிறதா என்று பார்த்தவர் எத்தனை பேர்?

சட்டத்தின் கணக்கையும் சற்றே கேளுங்கள். நான் சட்டக் கல்லூரியின் படி ஏறியவனல்லன். கல்லூரிப் படிப்பையே பாதியிலே விட்டவன். எனினும் எண்களைப் படிக்கத் தெரியும்; அந்த எண்களே கதை சொல்லும்.

1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு தன் நிலத்தை மீட்க வழக்குத் தொடுக்கலாம்; அதற்குச் சட்டம் கொடுக்கும் காலம் 30 ஆண்டு. மத்திய சர்க்காருக்கும் 30 ஆண்டு. மாநில சர்க்காருக்கும் 30 ஆண்டு. உள்ளாட்சிக்கு? தெருவாகவோ சாலையாகவோ இருந்தால் 30 ஆண்டு. தெருவும் சாலையும் அல்லாத, தனக்கே சொந்தமான நிலமென்றால், தனி மனிதனுக்குள்ள அதே 12 ஆண்டுதான்!

பார்த்தீர்களா பாகுபாட்டை! கோட்டையிலே இருப்பவருக்கு 30 ஆண்டு விழித்துக்கொள்ளக் காலம் உண்டு. அவருக்குச் செயலர்கள் உண்டு, சட்டத்துறை உண்டு, தலைமை வழக்கறிஞர் உண்டு. ஓலைக்கொட்டகைச் சாவடியிலிருந்து ஓட்டுக் கட்டடத்துக்கு நேற்றுக் குடியேறிய ஊராட்சிக்கு 12 ஆண்டு! அந்தப் பன்னிரண்டிலே ஐந்தாண்டு, தேர்தலே நடவாமல் கழிந்துபோனால்? கற்பனையல்ல. 2016 அக்டோபரிலே உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. திண்டுக்கல் உள்ளிட்ட 27 மாவட்டங்களின் ஊரகத்திலே தேர்தல் நடந்தது 2019 டிசம்பரிலே. நகர்ப்புறத்திலே நடந்தது 2022 பிப்ரவரியிலே. அந்த 27 மாவட்டங்களிலே 2025 ஜனவரி 5ஆம் நாள் மீண்டும் பதவிக்காலம் முடிந்து, மீண்டும் தனி அலுவலர் வந்து அமர்ந்தார். ஆக்கிரமித்தவனுக்கு இடைவேளை இல்லை. காக்க வேண்டியவனுக்குத்தான் அடிக்கடி இடைவேளை!

வழக்கு வந்தபிறகோ, காலம் நாள் கணக்கிலே ஓடுகிறது. எதிர்வழக்குரை தாக்கல் செய்ய 30 நாள். தக்க காரணம் காட்டினால் 90 நாள் வரை. ஒருதலைத் தீர்ப்பை நீக்கக் கோர 30 நாள். மாவட்ட நீதிமன்றத்திலே மேல்முறையீட்டுக்கு 30 நாள். உயர்நீதிமன்றத்துக்கு 90 நாள். காலந்தாழ்த்தி வந்தால், ‘பொது அமைப்பு, போகட்டும்’ என்று நீதிமன்றம் பொறுத்துக்கொண்ட காலமும் முடிந்துவிட்டது. 2012ஆம் ஆண்டிலே அஞ்சல்துறை 427 நாள் தாமதமாக உச்சநீதிமன்றம் சென்றது. கோப்பு ஒவ்வொரு மேசையாக நகர்ந்தது என்பது மன்னிப்புக்குரிய காரணமாகாது என்று கதவு சாத்தப்பட்டது. இந்தியா முழுதும் கிளை விரித்த அஞ்சல்துறைக்கே அந்தக் கதியென்றால், மந்தையோரத்திலே ஒற்றை அறையிலே இயங்கும் ஊராட்சியின் கதி என்ன?

‘ஏனய்யா, மாவட்டத்திலே அரசு வழக்கறிஞர் இருக்கிறாரே! அவர் போதாதா?’ என்று கேட்பார்கள்.

போதாது. அவர் அரசின் வழக்கறிஞர். அரசும் ஊராட்சியும் கைகோத்து நிற்கும் வழக்கிலே அவர் உதவலாம். அரசும் ஊராட்சியும் எதிரெதிரே நின்றால்? 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரே ஊராட்சிகளின் ஆய்வாளர். அந்தச் சட்டத்தின் 205ஆம் பிரிவு, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரைப் பதவி நீக்கும் நடவடிக்கையை அவர் கையிலே கொடுத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பயனாகத் தலைவர் பதவிகளிலே பாதி பெண்களுக்கு உரியது. அவர்களிலே ஆதிதிராவிடக் குடும்பத்திலிருந்து முதன்முதலாக அந்த நாற்காலியிலே அமர்ந்த சகோதரியும் இருக்கிறாள். அவளுடைய கைக்கு ஒரு நாள் 205ஆம் பிரிவின்கீழ் அறிவிப்பு வருகிறது. யாரிடம் ஓடுவாள்? ஆட்சியருக்காக வாதாடும் அதே அரசு வழக்கறிஞரிடமா? குற்றம் செய்திருந்தால் தண்டியுங்கள், மறுக்கவில்லை. ஆனால் மறுமொழி எழுதவே ஆளில்லாத ஒருத்தியைத் தண்டிப்பது, விசாரணையல்ல, வேடிக்கை!

ஏழைக்கு இலவசச் சட்ட உதவி வழங்க 1987ஆம் ஆண்டிலே சட்டம் இயற்றியது இந்நாடு. பெண்ணுக்கு உண்டு, தாழ்த்தப்பட்டோருக்கு உண்டு, தொழிலாளிக்கு உண்டு. போற்றத்தக்க ஏற்பாடு. ஆனால் அது தனி மனிதருக்கு. ஏழை ஊராட்சிக்கு? ஊரே ஏழையாக இருந்தால் அந்த ஊருக்கு வழக்கறிஞர் கொடுப்பது யார்?

இனி மேற்கே திரும்புங்கள். ஆனைமலைக்கு அப்பால், பாலக்காட்டு மாவட்டத்திலே பெருமாட்டி என்றொரு ஊராட்சி. அதன் எல்லைக்குள்ளே பிளாச்சிமடை என்னும் சிற்றூர். உலகப் பெரு நிறுவனமான கோக்கோ-கோலா அங்கே ஆலை வைத்தது. நிலத்தடி நீர் வற்றுகிறது, கெடுகிறது என்று பழங்குடி மக்கள் குமுறினர். 2003ஆம் ஆண்டிலே ஊராட்சி, உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு கேரள உயர்நீதிமன்றம் ஏறியது. நிலத்தடி நீர் பொதுமக்களின் சொத்து, அரசும் ஊராட்சியும் அதன் காவலர்கள் என்று அவ்வாண்டு டிசம்பரிலே ஒற்றை நீதிபதி தீர்ப்பளித்தார். 2005இலே இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மாற்றி, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. ஊராட்சி ஓய்ந்ததா? இல்லை, உச்சநீதிமன்றத்துக்கே சென்றது! 2004 மார்ச்சிலே ஆலை நின்றது. மீண்டும் திறக்கும் எண்ணமில்லை என்று 2017இலே அந்த நிறுவனமே உச்சநீதிமன்றத்திலே கூறிவிட்டது.

ஒரு சிற்றூராட்சி, உலகையே வளைத்த நிறுவனத்தோடு ஆண்டுக்கணக்கிலே வழக்காடி நின்றது! அவ்வூர் மக்களின் நெஞ்சுரம் அதற்கு ஒரு காரணம். வாதாட அணியமாயிருந்த வழக்கறிஞர்கள் மற்றொரு காரணம். நெஞ்சுரம் நம் மக்களுக்கும் உண்டு. இல்லாதது இரண்டாவது!

‘வழக்கறிஞரைக் கொடுத்தால், ஊழல் செய்யும் தலைவர்களுக்கும் அது கவசமாகிவிடுமே!’ என்று இன்னொரு கேள்வி எழும். எழட்டும், பதிலுண்டு. மத்தியப் பிரதேசத்து ரத்லாம் நகரிலே, சாக்கடை வசதியின்றி நாறிய தெருவின் மக்கள் நகராட்சிமீது புகார் கொடுத்தனர். பணமில்லை என்றது நகராட்சி. வடிகால் வெட்ட வேண்டிய காலத்தை மேல்முறையீட்டிலே கழித்தது. 1980ஆம் ஆண்டிலே உச்சநீதிமன்றத்தின் நீதிபதி கிருஷ்ணய்யர், பணமில்லை என்று கூறிக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று தீர்ப்பளித்தார். அந்த நகராட்சியின் காதிலே, தொடக்கத்திலேயே ஒரு நல்ல வழக்கறிஞர், ‘இது தோற்கும் வழக்கு, வாதாடாதீர், வடிகாலைக் கட்டும்!’ என்று ஓதியிருந்தால்? நல்ல வழக்கறிஞரின் வேலை வழக்காடுவது மட்டுமன்று. வீண் வழக்கைத் தடுப்பதுந்தான். தலைவர் தவறான தீர்மானத்திலே கையெழுத்திடு முன்னர், ‘வேண்டாம்’ என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். அந்தக் குரலுக்கு ஆகும் செலவு, பிறகு கட்ட நேரும் இழப்பீட்டைவிடக் குறைவு.

செலவு என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. தோல் கழிவு வழக்கிலே, வழக்கறிஞர் மேத்தாவுக்குக் கட்டணமும் கைச்செலவுமாகத் தமிழக அரசு கொடுக்க வேண்டுமென்று உச்சநீதிமன்றம் நிர்ணயித்த தொகை எவ்வளவு தெரியுமா? 50,000 ரூபாய்! ஆண்டுக்கணக்கிலே நடந்த வழக்குக்கு. ஐந்து மாவட்டங்களின் நீருக்கு! வழக்கறிஞரால் ஊர் திவாலாகிவிடும் என்று அஞ்சுவோர் இந்தத் தொகையையும் 350 கிணறுகளையும் தராசிலே வைத்துப் பார்க்கட்டும்.

வெளிநாட்டார் இதற்கு என்ன செய்தார்கள்? அமெரிக்க நாட்டிலே, நகராட்சிகளுக்காக வாதாடும் வழக்கறிஞர்கள் 1935ஆம் ஆண்டிலேயே ஓர் அமைப்பைக் கண்டனர். இன்று அது அனைத்துலக நகராட்சி வழக்கறிஞர் சங்கமாக விளங்குகிறது. ஒரு நகரத்து வழக்கறிஞருக்கு ஐயம் எழுந்தால், அதே ஐயத்தை முன்பே தீர்த்த மற்றொரு நகரத்து வழக்கறிஞரின் குறிப்பு அவருக்குக் கிடைக்கும். மாதிரிச் சட்டங்கள் எழுதித் தருகிறார்கள், பயிற்சி கொடுக்கிறார்கள், ஓர் ஊரின் வழக்கு எல்லா ஊரையும் பாதிக்குமென்றால், உச்சநீதிமன்றத்திலே சங்கமே துணைநின்று வாதுரை அளிக்கிறது. கூடி நிற்கும் வலிமையைத் தொழிலாளிக்கும் உழவனுக்கும் எடுத்துரைத்த நாம், ஊராட்சியின் வழக்கறிஞருக்கு எடுத்துரைக்க மறந்ததேன்?

நம் முன்னோருக்கு ஆவணத்தின் அருமை தெரியாததன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி மேடைதோறும் பேசுகிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்திலே, 919, 921ஆம் ஆண்டுகளிலே வெட்டப்பட்டவை. அது ஊரார் அனைவருக்குமான சபையன்று, பிராமணர்க்கென வகுத்த சபை என்பதை அந்த மேடைகள் சொல்லாமல் விடும், நான் சொல்லிவிடுகிறேன். எனினும் அதிலே பாடமொன்று உண்டு. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினனும் மீண்டும் வாரியத்துக்கு வரலாகாது என்று விதித்து, அந்த விதியை ஓலையிலே எழுதாமல் கல்லிலே வெட்டினார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுக்குப் பின்னும் ஆவணம் நிற்கிறது! நாமோ, பத்தாண்டுக்கு முந்தைய தீர்மானப் புத்தகத்தைக் கறையானுக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறோம்.

என்ன வேண்டும்? பட்டியலிட்டே சொல்வோம்.

ஒன்று: மாவட்டந்தோறும் உள்ளாட்சிச் சட்டத் துணை மையம். திண்டுக்கல் மாவட்டத்திலே 14 ஒன்றியங்கள், 306 ஊராட்சிகள். பேரூராட்சிகள், நகராட்சிகள் வேறு. 1866இலே நகராட்சியாகத் தோன்றி 2014இலே மாநகராட்சியான திண்டுக்கல் நகரம் வேறு. இத்தனைக்கும் முழுநேரமாக உழைக்க நாலைந்து வழக்கறிஞரையாவது அமர்த்த வேண்டும். அவர்கள் ஆட்சியர் அலுவலகத்துக்குக் கட்டுப்படாதவர்களாக, உள்ளாட்சிகளுக்கே பொறுப்புடையவர்களாக இருக்க வேண்டும்.

இரண்டு: தமிழிலே சட்ட நூலகம். நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு, 1920ஆம் ஆண்டின் பழைய சட்டம் போய், 1998இலே இயற்றிய புதிய சட்டம் 2023இலே நடைமுறைக்கு வந்தது. பிரிவு மாறிற்று, விதி மாறிற்று. எந்தப் பழைய பிரிவு எந்தப் புதிய பிரிவாயிற்று என்று எளிய தமிழிலே எழுதிய கையேடு, ஒவ்வொரு மன்ற உறுப்பினர் கையிலும் ஒவ்வொரு வழக்கறிஞர் மேசையிலும் இருக்க வேண்டும். ஊருணி, மந்தை, ஓடை, சுடுகாடு பற்றிய தீர்ப்புகளெல்லாம் தொகுக்கப்பட வேண்டும். தன் ஊரைப் பற்றிய தீர்ப்பைத் தன் மொழியிலே படிக்க முடியாத தலைவர், தலைவரல்லர், தலையாட்டி!

மூன்று: ஊராட்சிதோறும் சொத்துப் பதிவேடும் வழக்குப் பதிவேடும். அழைப்பாணை வந்த நாளே சட்டத் துணை மையத்துக்குத் தகவல் பறக்க வேண்டும். செயலர் மாறினாலும் தலைவர் மாறினாலும் கட்டு மாறாதிருக்க வேண்டும்.

நான்கு: வழக்கறிஞருக்கு வேளைக்குக் கட்டணம். முதல் தலைமுறையாகக் கறுப்பு அங்கி அணிந்து வரும் உழவர் வீட்டு, நெசவாளர் வீட்டு, தோல் தொழிலாளி வீட்டு இளைஞரை இந்தப் பணிக்கு அழைத்துப் பயிற்சி கொடுங்கள். கிணறு பாழான ஊரிலே பிறந்தவனைவிடக் கிணற்றுக்காக வாதாடத் தக்கவன் எவன்?

ஐந்து: காலவரையறைச் சட்டத்திலே, உள்ளாட்சியின் எல்லா நிலத்துக்கும் அரசுக்குள்ள அதே 30 ஆண்டு. இது பொதுப்பட்டியலிலே உள்ள பொருள். நம் சட்டமன்றம் திருத்தம் கொண்டுவரலாம். ஆனால் மத்திய சட்டத்துக்கு மாறான திருத்தமாதலால், குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு டில்லிக்குப் போய்வர வேண்டும். நம் ஊருணியைக் காக்கும் காலத்தை நாமே நீட்டிக்கொள்ளவும் டில்லியின் முத்திரை தேவை! மாநில சுயாட்சி ஏன் வேண்டும் என்று கேட்போருக்கு இதனினும் எளிய விடை எங்கே கிடைக்கும்?

ஆனால், தோழர்களே, சுயாட்சி பேசும் நமக்கு மற்றொரு கடமை உண்டு. 1969இலே தமிழக அரசு இராசமன்னார் குழுவை அமைத்து, மத்திய அரசிடம் குவிந்த அதிகாரத்தைப் பகிர்ந்தளிக்க வழி கேட்டது. டில்லியைப் பார்த்து ‘கொடு’ என்று நீளும் கை, ஊராட்சியைப் பார்த்ததும் ‘மூடிக்கொள்’ என்று மடங்கலாமா? டில்லியிலே குவிந்தால் ஆதிக்கம். கோட்டையிலே குவிந்தால் நிர்வாகமா? ஆட்சி எவருடையதாக இருப்பினும், அது நம்முடையதாகவே இருப்பினும், இந்தக் கேள்வியை நாம் கேட்டாக வேண்டும். மேலேயிருந்து கீழே இறங்காத சுயாட்சி, மொட்டை மாடியிலே நின்றுவிட்ட நீர்த்தொட்டி. குழாய் இல்லாவிட்டால் கீழ்வீட்டுக்காரனுக்கு அதனால் என்ன பயன்?

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. நம் கிளைகளிலே வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒன்றியத்துக்கு ஒருவர் ஊராட்சிக்கென ஒதுக்கட்டும். கிளைத் தோழர்கள், தத்தம் ஊரின் ஊருணி எத்தனை, கண்மாய் எத்தனை, மந்தை எங்கே என்று எழுதட்டும். புலப்படத்தின் நகல் கேட்டு வாங்கட்டும். கொடுக்க மறுத்தால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையிலே இருக்கிறது. ஊராட்சிமீது நடக்கும் வழக்குகள் எவை, அடுத்த வாய்தா என்றைக்கு என்று கேட்டுக் குறித்து வையுங்கள். கொடிக்கம்பம் நடுவதற்கு இடம் தேடும் சுறுசுறுப்பிலே பாதி இருந்தாற்போதும். ஊரின் இடம் ஊருக்கே நிற்கும்.

திண்டுக்கல் சமவெளியிலே அடுத்த கிணறு கெடும் நாளிலே, வேலூரிலிருந்து ஒரு மன்றம் வரட்டும் என்று காத்திருக்கப் போகிறோமா? அல்லது, ‘வாதி: எங்கள் ஊராட்சி’ என்று தலைப்பிட்ட வழக்கை, எங்கள் வழக்கறிஞர், எங்கள் ஆவணத்தோடு எழுந்து நின்று நடத்தப் போகிறாரா?

முடிவு, அடுத்த வாய்தாவுக்குள் சொல்லியாக வேண்டியது!